கிணற்றுச் சிமென்ட்டும் ஆய்வுக்கூடமும்: வாசகர் கேள்வி – பதில்

எண்ணெய்க் கிணறு தோண்டுவது பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பில், "துளையில் இறக்கிய எஃகுக் குழாயைச் சுற்றிச் சிமென்ட் இடுவார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதியாக இருந்ததால், இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் ஊரைச் சுற்றிலும் சிமென்ட் ஆலைகள்தாம். வீடு கட்டும் சிமென்ட்டையே எண்ணெய்க் கிணற்றுக்கும் இடலாமே, தனி வகை எதற்கு?
– வாசகர், அரியலூர்

முதலில் அந்தச் சிமென்ட் எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பன்னிரண்டேகால் அங்குல விட்டமுள்ள துளையில் ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட குழாயை இறக்குவது இத்துறையில் வழக்கமான ஓர் அளவு. குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சுற்றிலும் எஞ்சுவது ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல இடைவெளி. ஆனால் அதன் நீளமோ பல நூறு மீட்டர், சில கிணறுகளில் கிலோமீட்டர் கணக்கு. சிமென்ட் கூழைக் குழாயின் உள்வழியே கீழே தள்ளி, அடியில் திரும்பி வெளிப்புற இடைவெளியில் மேலேறச் செய்கிறார்கள். அது இறுகியபின் குழாயைத் தாங்கிப் பிடிப்பதும், உப்புநீர் அரிக்காமல் எஃகைக் காப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அடுக்கிலுள்ள நீரோ எண்ணெயோ வாயுவோ இன்னோர் அடுக்குக்குள் புகாமல் தடுப்பதும் அந்த ஒன்றேகால் அங்குலக் காரையின் வேலை.

வீட்டுச் சிமென்ட் இறுகத் தொடங்க அரை மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தர விதி. ஆனால் அது சாதாரண அறை வெப்பத்தில் சோதித்துச் சொன்ன கணக்கு. பூமிக்குள் 100 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 3 டிகிரி கூடுகிறது. 3,000 மீட்டரில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் எந்தச் சிமென்ட்டும் அவசரப்படும். நடுவழியில் இறுகிக்கொண்டால் குழாய் முழுவதும் கல்லாகிவிடும். கிணற்றையே கைவிட நேரலாம்.

ஆகவே அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம், சுருக்கமாக ஏ.பி.ஐ., கிணற்றுச் சிமென்ட்டை எழுத்துகளால் வகை பிரித்திருக்கிறது. இந்தியத் தர நிறுவனத்துக்கும் இதற்கென ஐ.எஸ். 8229 என்ற தனித் தரம் உண்டு. இன்று பெரிதும் புழங்குவன ஜி, எச் ஆகிய வகைகள். இவற்றை அரைக்கும்போது ஜிப்சத்தைத் தவிர வேறு எதையும் பெரும்பாலும் சேர்க்க விடுவதில்லை. சாம்பலும் கசடும் கலந்த வீட்டுச் சிமென்ட் நல்ல சிமென்ட்தான், ஆனால் மூட்டைக்கு மூட்டை அதன் குணம் சற்றே மாறினாலும் கொத்தனாருக்குத் தெரியப்போவதில்லை. கிணற்றில் அந்தச் சிறு மாற்றமே இறுகும் நேரத்தை அரை மணி முன்னும் பின்னும் தள்ளிவிடும். ஜி வகையில் 100 கிலோவுக்கு 44 கிலோ தண்ணீர் என்பது ஏ.பி.ஐ. வகுத்த அளவு. ஜல்லியும் மணலும் கிடையாது. அப்படிக் கலந்த கூழ் லிட்டருக்கு 1.9 கிலோ எடை இருக்கும்.

இது ஒரே நாளில் வந்த தெளிவன்று. 1903-இல் கலிஃபோர்னியாவின் லோம்போக் வயலில், கிணற்றுக்குள் புகுந்த நீரை அடைக்க 50 மூட்டைச் சாதாரணச் சிமென்ட்டைக் கரைத்து வாளிபோன்ற கலத்தில் இறக்கிக் கொட்டிவிட்டு, அது இறுகுவதற்காக 28 நாள் காத்திருந்தார்கள். இன்று கடலில் துளையிடும் தளமான ஒரு ரிக்கின் ஒரு நாள் வாடகையே இலட்சக்கணக்கான டாலர் என்பதால், மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க யாரும் விரும்புவதில்லை.

மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் நடப்பதை ஆய்வுக்கூட மேசைமேல் எப்படிச் சோதிக்க முடியும்? உண்மையில் எவற்றையெல்லாம் அளக்கிறார்கள்?
– பொறியியல் மாணவி, கிண்டி

ஆழத்தைக் கொண்டுவர முடியாது. ஆழத்தின் சூட்டையும் அழுத்தத்தையும் கொண்டுவரலாம். லிட்டருக்கு 1.9 கிலோ எடையுள்ள கூழ் 3,000 மீட்டர் உயரத்துக்கு நின்றால், அதன் அடியில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 8,000 பவுண்டு.

சோதனை, கலக்கும் முறையிலேயே தொடங்குகிறது. ஜி வகைச் சிமென்ட் 792 கிராம், தண்ணீர் 349 கிராம். மிக்ஸியைப் போன்ற கலக்கியில் நிமிடத்துக்கு 4,000 சுற்று வேகத்தில் 15 விநாடிக்குள் சிமென்ட் முழுவதையும் கொட்டி, பிறகு 12,000 சுற்றில் 35 விநாடி கலக்க வேண்டும். கிடைப்பது 600 மில்லிலிட்டர் கூழ். வேகத்தையும் நேரத்தையும் இவ்வளவு கறாராக வரையறுப்பானேன் என்று தோன்றலாம். கலக்கும் வேகம் மாறினால் துகள்கள் பிரியும் அளவு மாறும். அப்புறம் ஒரு கூடத்தின் முடிவை இன்னொரு கூடத்தின் முடிவோடு ஒப்பிடவே இயலாது.

அடுத்து வருவது கன்சிஸ்டோமீட்டர் என்னும் கருவி. கிணற்றுச் சிமென்ட் ஆய்வுக்கூடத்தின் மூலவிக்கிரகம் என்றே இதைச் சொல்லலாம். கெட்டியான எஃகுக் கலத்துக்குள், சூடான எண்ணெயின் அழுத்தத்தில், கூழ் நிரப்பிய கிண்ணம் நிமிடத்துக்கு 150 முறை சுழல்கிறது. உள்ளே ஒரு துடுப்பு, சுருள்வில்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கூழ் கெட்டியாக ஆகத் துடுப்பை அது இழுக்கும் விசை கூடுகிறது; அந்த விசையைப் பியர்டன் என்ற அலகில் கருவி தொடர்ந்து பதிவு செய்கிறது. 70 பியர்டனைத் தொட்டால் இனிப் பம்பில் தள்ள இயலாது என்று களத்தில் கொள்வார்கள். 100 வந்ததும் சோதனை முடிந்தது. ஜி வகைச் சிமென்ட் தேறுவதற்கு, 28 நிமிடத்தில் 52 டிகிரிக்கும் 5,160 பவுண்டு அழுத்தத்துக்கும் கொண்டுசெல்லும் வரையறுத்த சோதனையில், அது கெட்டிப்படும் நேரம் 90 நிமிடத்துக்குக் குறையவும் 120 நிமிடத்தைத் தாண்டவும் கூடாது.

மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. ஒரே கிணற்றுக்கு இரண்டு வெப்பநிலைகள் உள்ளன. குளிர்ந்த கூழும், துளையிடும்போது கிணற்றில் சுற்றவிடும் சேறும் ஓடிக்கொண்டிருக்கும்போது அடியில் வெப்பம் குறைவாக இருக்கும். ஓட்டம் நின்றபின் பாறையின் இயல்பான சூடு மெல்லத் திரும்பும். கெட்டிப்படும் நேரத்தை ஓட்ட வெப்பத்திலும், வலிமையை நிலைவெப்பத்திலும் சோதிக்க வேண்டும். இரண்டையும் மாற்றிக் குழப்பினால், தாளில் அழகாகத் தெரியும் கூழ் கிணற்றில் ஒன்று அவசரமாக இறுகும், அல்லது இறுகாமலே கிடக்கும்.

நீர் இழப்புச் சோதனை எளிமையானது. மெல்லிய கம்பி வலையின்மேல் கூழை வைத்து, 1,000 பவுண்டு அழுத்த வேறுபாட்டில் அரை மணியில் எவ்வளவு நீர் வடிகிறது என்று அளக்கிறார்கள். துளைகள் நிறைந்த மணற்பாறை கூழிலிருந்து நீரை உறிஞ்சிவிட்டால், எஞ்சியது வறண்டு போய் வழியை அடைத்துக்கொள்ளும் அல்லவா? சாய்வுக் கிணறுகளுக்காக, உருளையைச் சாய்த்து வைத்து மேலே தெளிநீர் பிரிகிறதா என்றும் பார்ப்பார்கள். பிரிந்த நீர் துளையின் மேற்புறச் சுவரை ஒட்டி ஒரு கால்வாய்போல ஓடி, வாயுவுக்கு வழி சமைத்துவிடும்.

மிக நுட்பமான சோதனை உறைவலிமை பற்றியது. கூழ் நீர்மமாக இருக்கும்வரை அதன் முழு எடையும் அடியிலுள்ள வாயு அடுக்கை அழுத்திக்கொண்டிருக்கும், வாயு தலைகாட்டாது. பம்பு நின்றபின், பிரைமோரிட்ட பால் தயிராவதைப்போலக் கூழ் உறையத் தொடங்குகிறது. உறைந்த கூழ் பாறைச் சுவரையும் குழாயையும் பற்றிக்கொண்டு தன் எடையைத் தானே தாங்கிக்கொள்வதால், அடியில் அழுத்தம் குறைகிறது. ஆனால் வாயுவைத் தடுக்கும் கெட்டித்தனம் அப்போது அதற்கு வந்திருக்காது. இந்த இரண்டுங்கெட்டான் நேரத்தில்தான் வாயு நுழைந்து, கூழுக்குள் நிரந்தரமான வழியைத் துளைத்துக்கொள்கிறது. உறைவலிமை நூறு சதுர அடிக்கு 100 பவுண்டிலிருந்து 500 பவுண்டு வரை ஏறுவதற்கு ஆகும் நேரமே அந்த ஆபத்தான இடைக்காலம். 45 நிமிடத்துக்குள் அது கடந்துவிட வேண்டும் என்பது தொழிலில் ஏற்கப்பட்ட அளவுகோல். கூழைத் தொடாமலே, ஒலியலையைச் செலுத்தி அது கடந்து வரும் வேகத்தைக் கொண்டு வலிமை வளர்வதைக் கணிக்கும் கருவிகளும் இப்போது கூடங்களில் உள்ளன.

பழைய கோயில், வீட்டுக் காரைகளில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்கள் என்பார்கள். ஆனால் எண்ணெய் ரிக்கில் சிமென்ட் கெடுவதற்காகச் சர்க்கரை மூட்டை வைத்திருப்பார்கள் என்று உறவினர் சொன்னார். எது சரி?
– வாசகி, கும்பகோணம்

இரண்டும் சரியே, பொருள்தான் வேறு. கடுக்காயும் வெல்லமும் சேர்ந்தது சுண்ணாம்புக் காரையில். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி இறுகுவது. போர்ட்லண்ட் சிமென்ட்டோ நீருடன் வினைபுரிந்து இறுகுவது. சர்க்கரை மூலக்கூறுகள் சிமென்ட் துகள்களின் மேல் படிந்து அந்த வினையைத் தாமதப்படுத்துகின்றன. சிறிதளவு சர்க்கரையே போதும், மணிக்கணக்கில் இறுகாது. வேண்டாத கூழ் மேலே திரும்பி வந்து தொட்டியிலும் குழாய்களிலும் கல்லாகிவிடாதிருக்க, ரிக்கில் சர்க்கரையைத் தயாராக வைத்திருப்பது உண்மையே. ஆழக் கிணறுகளுக்கான கூழில் வேண்டுமென்றே தாமதிக்க, மரக்கூழிலிருந்து பெறும் லிக்னோசல்ஃபோனேட்டு, டார்டாரிக் அமிலம் போன்றவற்றை அளந்து சேர்ப்பார்கள். புளியில் இருக்கும் அதே அமிலம்தான். ஆழமில்லாத, குளிர்ந்த கிணறுகளில் இதற்கு நேர்மாறாகக் கால்சியம் குளோரைடு சேர்த்து விரைவுபடுத்துவார்கள்.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த பெரும் எண்ணெய்க் கசிவுக்குச் சிமென்ட்தான் காரணம் என்று படித்தேன். ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமலா விட்டார்கள்?
– வாசகர், தூத்துக்குடி

சோதித்தார்கள் என்பதுதான் இதில் வருத்தமான பகுதி.

மகோண்டோ என்ற அந்தக் கிணறு பி.பி. நிறுவனத்துடையது, சிமென்ட் வேலை ஹாலிபர்ட்டனுடையது, துளையிட்ட மிதவைத் தளம் டீப்வாட்டர் ஹொரைசன். கிணற்றின் அடியிலிருந்த பாறை வலுவற்றது. கனமான கூழை ஏற்றினால் வெடித்துப் பிளந்து கூழை விழுங்கிவிடும். ஆகவே லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ எடையிருந்த கூழுக்குள் நைட்ரஜன் வாயுவைச் சிறு குமிழிகளாகச் செலுத்தி, நுரைச் சிமென்ட்டாக்கி, எடையை 1.74 கிலோவுக்குக் குறைக்கத் திட்டமிட்டார்கள். நுரைச் சிமென்ட் புதுமையானதோ தவறானதோ அன்று. ஆனால் அதன் உயிர் குமிழிகளின் நிலைத்தன்மையில் இருக்கிறது. குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து மேலே ஏறிவிட்டால், ஓரிடத்தில் கனமும் ஓரிடத்தில் பொக்கையுமாக, தடுப்புச் சுவர் என்று சொல்லத் தகாத ஒன்று மிஞ்சும்.

ஏப்ரல் 20 அதிகாலையில் கூழ் இறக்கி முடிந்தது. அன்று இரவே, பத்து மணி அடிக்குமுன், கிணறு வெடித்தது. 11 பேர் இறந்தனர். எண்ணெய் 87 நாள் கடலில் கலந்தது. குடியரசுத் தலைவர் ஒபாமா அமைத்த தேசிய ஆணையம் ஆவணங்களைத் துருவியபோது, பிப்ரவரியில் ஹாலிபர்ட்டன் கூடத்தில் நடந்த இரண்டு நுரைச் சோதனைகளும் கூழ் நிலையற்றது என்றே காட்டியிருந்தது தெரியவந்தது. ஏப்ரலில் நடந்த இரண்டில் முதலாவதும் அப்படியே. கூழைச் சோதனைக்கு முன் பதப்படுத்தும் நேரத்தை மாற்றிச் செய்த கடைசிச் சோதனை ஒன்றே சாதகமாக அமைந்தது. அதன் முடிவும் 19-ஆம் தேதி மாலைக்கு முன் பி.பி.யிடம் இருக்கவில்லை, ஹாலிபர்ட்டனிடமே இருந்திருக்காமல் போகலாம் என்று ஆணையத்தின் வழக்கறிஞர் எழுதினார். பின்னர் ஆணையத்துக்காகச் செவ்ரான் கூடத்தில் அதே கூழை ஒத்த கலவையைச் செய்து ஒன்பது சோதனைகள் நடத்தினார்கள். ஒன்றில்கூட நுரை நிலைக்கவில்லை. ரிக்கில் கலந்திருந்த அதே சிமென்ட்டையும் அதே சேர்மானங்களையும் கொண்டு செய்யாத சோதனை செல்லாது என்று ஹாலிபர்ட்டன் மறுத்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆலை வேறானாலும், சிமென்ட் வாங்கிய மாதம் வேறானாலும் முடிவு மாறக்கூடியதே. ஆனால் அதே வாதப்படி, ரிக்கிலிருந்து எடுத்த மாதிரியில் செய்த தங்கள் சொந்தச் சோதனைகள் தோற்றபோது வேலையை நிறுத்தியிருக்க வேண்டும் என்றே எமக்குத் தோன்றுகிறது.

சிமென்ட் ஒன்றே காரணம் என்று சொல்வது பிழை. குழாயைத் துளையின் நடுவில் நிறுத்தும் வளையங்கள் 21 வேண்டும் என்று கணிப்பு சொன்ன இடத்தில் ஆறே இடப்பட்டன. சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று ஒலியலையால் பார்க்கும் பதிவை எடுக்காமலே அதற்காக வந்த குழுவைத் திருப்பி அனுப்பினார்கள். கிணற்றின் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்த சோதனையின் எச்சரிக்கையைத் தவறாகப் படித்தார்கள். கடலடியில் இருந்த அடைப்பானும் கிணற்றை மூடவில்லை.

இங்கே கிணறுகளுக்கான சிமென்ட்டில் சிலிக்கா மாவு கலப்பதைப் பார்க்கிறேன். மணலரைத்துச் சேர்ப்பது கலப்படம்போல் இருக்கிறதே?
– காக்கிநாடாவில் பணிபுரியும் வாசகர்

கலப்படமன்று, மருந்து. சிமென்ட் நீருடன் சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்னும் பசையே அதன் வலிமைக்கு ஆதாரம். ஏறத்தாழ 110 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பசை, சுண்ணாம்பு மிகுந்த அடர்ந்த படிகமாக உருமாறுகிறது. படிகம் அடர்த்தியாவதால் இடம் சுருங்கி நுண்துளைகள் பெருகும். முதல் நாள் வலுவாக இருந்த கட்டி, சில வாரங்களில் வலுவிழந்து நீரைக் கசியவிடும். சிமென்ட் எடையில் 35 முதல் 40 விழுக்காடு சிலிக்கா மாவைச் சேர்த்தால், மிகுதிச் சுண்ணாம்பு அதனுடன் வினைபுரிந்து டோபர்மோரைட், இன்னும் சூடேறினால் சோனோட்லைட் என்னும் கனிமங்களாகிறது. இவை அச்சூட்டைத் தாங்கும். உங்கள் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் அடிவெப்பம் 150 டிகிரியைத் தாண்டும் கிணறுகள் இருப்பதால் அந்த மாவு மூட்டைகளைக் காண்கிறீர்கள். 200 டிகிரியிலும் அதற்கு மேலும், 35 விழுக்காடு சேர்த்த கூழ்கூட நாளடைவில் வலுவிழக்கிறது என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வாரச் சோதனையில் இது புலப்படாது. மாதக்கணக்கில் வேகவைத்துப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் எந்தத் திட்டத்திலும் பொறுமை இருப்பதில்லை.

கரியமில வாயுவைப் பூமிக்குள் புதைக்கப்போகிறார்கள் என்கிறார்கள். அந்த வாயு சிமென்ட்டை அரிக்காதா?
– வாசகர், கோயம்புத்தூர்

அரிக்கும், ஆனால் அஞ்சிய அளவுக்கு அன்று. நீரில் கரைந்த அந்த வாயு அமிலமாகி, சிமென்ட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றுகிறது. இந்த முதற்கட்டம் நுண்துளைகளை அடைத்து ஒருவகையில் நன்மையே செய்கிறது. புதிய அமில நீர் ஓயாமல் வந்து மோதினால் மட்டும், அந்தச் சுண்ணாம்புக் கல்லும் கரைந்து போகும்.

மேற்கு டெக்சாசில் சாக்ராக் என்ற எண்ணெய் வயலில், எண்ணெயை வெளித்தள்ள 1972 முதல் கரியமில வாயுவைச் செலுத்தி வந்தார்கள். அங்கே 1950-இல் தோண்டிய, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவ்வாயுவில் ஊறிய ஒரு கிணற்றிலிருந்து, 2,000 மீட்டர் ஆழத்துச் சிமென்ட்டைத் துண்டெடுத்து லாஸ் அலமாஸ் ஆய்வகத்தார் சோதித்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். பாறையை ஒட்டிய விளிம்பு ஆரஞ்சு நிறமாகி முற்றிலும் உருமாறியிருந்தது. அந்தப் பட்டையின் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்குள். உட்பகுதி இன்னும் சிமென்ட்டாகவே இருந்து தன் தடுப்பு வேலையைச் செய்துகொண்டிருந்தது. வாயு சென்றதற்கான தடம் இருந்ததெல்லாம் சிமென்ட்டும் குழாயும், சிமென்ட்டும் பாறையும் சந்திக்கும் ஓரங்களில்தான். எனவே ஆய்வாளர்களின் கவனம் இன்று சிமென்ட்டின் உடலைவிட அதன் ஒட்டுதல்மீது திரும்பியிருக்கிறது: இறுகும்போது சுருங்காமல் சற்றே விரியச் செய்யும் மெக்னீசியம் ஆக்சைடு, விரிசலில் கசிவு பட்டால் பொங்கி அடைக்கும் சேர்மானங்கள் என்று.

எங்கள் ஊர் வண்டிகள் நாடெங்கும் போர் போடுகின்றன. இவ்வளவு சொல்கிறீர்களே, தண்ணீர்க் கிணற்றுக்கு இதில் ஏதாவது பொருந்துமா?
– வாசகர், திருச்செங்கோடு

பொருந்துவது ஒன்றுண்டு. கடினப்பாறை தட்டும்வரை கேசிங் இறக்கிவிட்டு, சுற்றியுள்ள இடைவெளியில் வெட்டிய மண்ணையே தள்ளி மூடிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மழைநீரும் கழிவுநீரும் அந்த வழியே நேராக இறங்கிக் குடிநீரில் கலக்கும். அங்கே சிமென்ட் கூழ் இடுவது நல்லது. அந்த ஆழத்துக்குச் சாதாரணச் சிமென்ட்டே போதும், மருந்தும் மாவும் தேவையில்லை. மேலிருந்து கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். ஆகையால் சிறு குழாயை இடைவெளியின் அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே குழாயை உயர்த்த வேண்டும். 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் ஏறத்தாழ 25 லிட்டர். எளிதாக இறங்கட்டும் என்று இன்னும் ஒரு வாளி ஊற்றச் சொல்பவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். அவர் பேச்சைக் கேட்குமுன் ஒரு லிட்டர் கூழை அளந்து தராசில் வையுங்கள். 1.8 கிலோவுக்குக் குறைந்தால் தண்ணீர் அதிகம்.